அப்பா காலை எடுத்தார், வண்டி நின்றது

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரிய மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், அப்பா இடது கால் நீங்கலாக நலம். அங்கே நீங்களும் அத்தையும் உங்கள் பேருந்தும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் தேர்வு என்ன ஆயிற்று என்று நீங்கள் மூன்று முறை போன் செய்தும், அம்மா "எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுண்ணா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள் என்றும், அப்பாவைக் கேட்டால் சிரிக்கிறார் என்றும், வீட்டில் இருக்கிற படிப்பாளியாவது ஒழுங்காக எழுதட்டும் என்றும் அத்தையிடம் சொன்னீர்களாம். இதோ எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஆச்சரியம் வருகிற இடங்களில் கொஞ்சம் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பத்தொன்பது வருடமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பத்தொன்பது வருடமும் அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவே இல்லை என்பதை நாம் யாரும் யோசித்ததில்லை. காலை ஆறு மணிக்குப் பக்கத்து இருக்கையில் ஏறினால் சாயங்காலம் அதிலிருந்துதான் இறங்குவார். அந்த இருக்கையின் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அவருடைய பிரேக்கும் ஓட்டுகிறவரின் பிரேக்கும் ஒரே கம்பியில் இணைந்தவை, ஒன்றை அழுத்தினால் மற்றதும் கீழே போகும். ஓட்டுகிறவர் பயந்து உறைந்து போனால் அப்பா அழுத்துவார். வீட்டுக்கு வருவது பேருந்தில். ஆக, ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொந்தமாக ஒரு காரை ஓட்டி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

பள்ளியின் முதலாளியம்மா போன மாதம் ஒரு புது ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். கிளட்ச் இல்லாத கார். பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக் மட்டும் பொருத்தியிருந்தார்கள். இப்போது புதிதாகச் சேர்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்த மாதிரிக் காரைத்தான் கேட்கிறார்களாம். அதில் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால், பயிற்சியாளர் போக்குவரத்து அலுவலகத்து அதிகாரி முன்னால் தானே அதை ஓட்டிக் காட்டித் தேற வேண்டும் என்பது விதி. அப்பாவுக்குப் பத்து நாள் கெடு. தேறாவிட்டால் கார் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளருக்குப் போய்விடும், அப்பா வகுப்பறையில் நின்று குச்சியால் சாலைக் குறிகளைக் காட்ட வேண்டியதுதான். இதைச் சொல்லிவிட்டு அப்பா அன்று வெகுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "குச்சியில பிரேக் இல்லையே" என்றார். அம்மா சிரிக்கவில்லை. அதிலிருந்தே விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது.

உடனே நான் வண்டியோடு வந்த கையேட்டை வாங்கிவரச் சொன்னேன். நானூற்று எண்பத்தாறு பக்கம். இரண்டு நாளில் படித்து முடித்துவிட்டேன். மாமா, இத்தனை வருடம் நான் கதைப் புத்தகங்களைப் படித்துக் காலத்தைக் கழித்துவிட்டேனே என்று தோன்றியது. இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஆட்டோ ஹோல்டு என்று ஒரு பொத்தானைப் பற்றி எழுதியிருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், நீங்கள் சிக்னலில் பிரேக்கை அழுத்தி வண்டியை முழுதாக நிறுத்தினதும், முன்னால் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். அப்புறம் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடலாம். வண்டி நகராது. மேடாக இருந்தாலும் நகராது, பள்ளமாக இருந்தாலும் நகராது. சிக்னல் விழுந்ததும் ஆக்சிலேட்டரைப் பட்டும் படாமலும் தொட்டால் தானே விட்டுவிடும். சீட் பெல்ட் போட்டிருந்தால்தான் இந்தப் பொத்தான் வேலை செய்யும். பிடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது பெல்ட்டைக் கழற்றினாலோ கதவைத் திறந்தாலோ, இவர் இறங்கப் போகிறார் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டு, தானாகவே பார்க்கிங் பிரேக்கைப் போட்டுக்கொள்கிறது. இறங்கப் போகிறவரை முன்கூட்டியே அறிகிற ஒரு பொருள். நான் இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, "உங்கப்பாவுக்கு முன்னாடி வாங்கியிருக்கலாம்" என்றாள்.

முதல் நாள் பயிற்சி கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற லாரி மைதானத்தில். முதலாளியம்மா வண்டியைக் கொடுத்திருந்தார். அப்பா ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில் கையேட்டோடு, அம்மா பின்னால். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய சட்டைகள் இருந்ததால், மடியில் ஒரு டப்பா மூடியில் பொத்தான்களை வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். லீவரை டி-யில், அதாவது டிரைவில், போட்டதும் யாரும் எதையும் அழுத்தாமலே வண்டி மெல்ல நகர்ந்தது. அது அப்படித்தான், நூற்று எண்பதாம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அப்பா அந்தப் பக்கம் வரை வரவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அப்பாவுக்கு அன்று இடது கால் மட்டும் ஓடியது. இல்லாத கிளட்சைத் தேடிப் போய், அந்த இடத்தில் பாதி வரைக்கும் நீண்டிருந்த அகலமான பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தது. வண்டி நின்றது. பொத்தான்கள் நிற்கவில்லை. முப்பத்திரண்டில் இருபத்தெட்டைத்தான் பொறுக்க முடிந்தது. அம்மா ஊசி பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த நாள் சாலைக்கு வந்தோம். அப்பா தன்னிடம் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பது, நின்றால் நியூட்ரல் என்பது. அதைப் பத்தொன்பது வருடம் சொல்லிச் சொல்லி அது அவர் எலும்புக்குள் போய்விட்டது. சிக்னலில் நின்றதும் அவருடைய கை தானாகப் போய் லீவரை என்-னுக்குத் தள்ளியது. டி-யிலேயே விடுங்கள், ஹோல்டு பிடித்துக்கொள்ளும், ரயில்வே கேட் மாதிரி நீண்ட நேரம் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் பி-யில், அதாவது பார்க்கிங்கில், போட்டால் போதும் என்று கையேட்டைப் பார்த்து நான் சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது. அப்பா ஆக்சிலேட்டரை அழுத்தினார். என்-னில் வண்டி எப்படி நகரும், உறுமத்தான் செய்யும். உறுமியது. பின்னால் ஹாரன்கள். அப்பா அவசரத்தில் டி-க்குத் தள்ளப் பார்த்தார், நல்லவேளையாக நான் "கால், கால்" என்று கத்தியதில் முதலில் காலை எடுத்தார். அதற்குள் மறுபடி சிவப்பு. பின்னாலிருந்த லாரிக்காரர் இறங்கி வந்து, கூரைமேல் இருந்த பயிற்சிப் பள்ளிப் பலகையையும் அப்பாவின் முகத்தில் வழிந்த வேர்வையையும் பார்த்துவிட்டு ரொம்பக் கனிவாகக் கேட்டார், "பயப்படாதீங்கண்ணே, எல்லாருக்கும் மொதல்ல இப்படித்தான். உங்க மாஸ்டர் எங்க?"

அப்பா அன்று சாப்பிடவில்லை.

அப்போதுதான் நீங்கள் போன் செய்து, பிரச்சினை இடது காலில்தான் இருக்கிறது, அதைக் கட்டிப் போடுங்க மாப்பிள்ளை என்று சொன்னீர்கள். பெரிய வண்டி ஓட்டுகிறவர் சொன்னால் காரணம் இருக்கும் என்று அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அம்மாவின் அளவு நாடாவை வாங்கி, இடது கணுக்காலை இருக்கையின் கீழ்க்கம்பியோடு கட்டினார். மாமா, உங்கள் யோசனை பலித்தது என்பதை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மைதானத்தை ஆறு சுற்று சுற்றினார், ஒரு குலுக்கல் இல்லை. ஏழாவது சுற்றில், அவரிடம் முன்பு படித்த பல் டாக்டர் மைதானத்து வாசலில் நின்று கை காட்டினார். அப்பா வண்டியை நிறுத்தினார், பச்சை விளக்கு எரிந்தது. பெல்ட்டைக் கழற்றினார், கையேட்டில் சொன்னபடியே வண்டி தானாகப் பார்க்கிங் பிரேக்கைப் போட்டுக்கொண்டது. நான் அந்த அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா கதவைத் திறந்து இறங்கினார். அதாவது வலது கால் இறங்கியது. இடது கால் வண்டியிலேயே இருந்தது. பல் டாக்டர் ஓடிவந்து பிடித்ததால் பற்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கணுக்கால்தான் வீங்கிவிட்டது. அளவு நாடா இரண்டு அங்குலம் நீண்டுவிட்டது என்றும், இனிமேல் அதை நம்பி யாருக்கும் அளவெடுக்க முடியாது என்றும் உங்களிடம் சொல்லச் சொல்லி அம்மா சொன்னாள்.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. அப்பா மைதானத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே பேசினார். "அம்மாடி, அந்த சீட்டுல உக்காந்தா எனக்கு எல்லாம் தெரியுது. இந்த சீட்டுக்கு வந்தா ஒண்ணும் தெரியல." எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் கவனிக்க முடியாது என்பதால் கவனித்தேன். கவனித்ததில் ஒன்று பிடிபட்டது. நான் கையேட்டிலிருந்து என்ன வாசித்தாலும் அப்பாவின் கால் கேட்பதில்லை. அப்பா மனதுக்குள் நினைத்தாலும் கேட்பதில்லை. ஆனால் முந்தின நாள் தெருவில் ஒரு பெண் ஸ்கூட்டரில் தடுமாறினபோது, அப்பா ஜன்னல் வழியாக, "மேடம், பதறாதீங்க, மெதுவா பிரேக் புடிங்க" என்றாரே, அப்போது அவருடைய கால் நம் வண்டியின் பிரேக்கை எவ்வளவு அழகாக அழுத்தியது. ஆகவே அப்பாவிடம் சொன்னேன், நீங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுகிறவர் யாரோ ஒருவர், அவருக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொடுங்கள் என்று. அப்பா கூச்சப்பட்டார். தன்னைத்தானே வாங்க போங்க என்று பேசுவதா என்றார். அம்மா பின்னாலிருந்து, "நாங்கதான் யாரும் அப்படிப் பேசல, நீங்களாவது மரியாதையா பேசுங்களேன்" என்றாள்.

பேசினார். மாமா, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சார், டி-யில் போடுங்க. சார், காலை மெல்ல எடுங்க. சார், முன்னாடி சிவப்பு, பதட்டப்படாதீங்க. அந்தக் குரல் வந்ததும் அவருடைய தோள் இறங்கியது, இடது கால் தரையில் அமைதியாகப் படுத்துக்கொண்டது, வண்டி நின்றதே தெரியாமல் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. வழியில் பதினோரு சிக்னல், பதினோரு தடவையும் எரிந்தது. அம்மா தைத்துக்கொண்டே வந்தாள், ஒரு பொத்தான் கூட உருளவில்லை.

வியாழக்கிழமை வந்தது. பின்னிருக்கையில் ஒருவர் இருக்க வேண்டுமாம், பயிற்சியாளர் அவரைப் பெல்ட் போடச் சொல்கிறாரா என்று பார்ப்பதற்காக. நான் இருந்தேன். தேர்வு அதிகாரி ஒல்லியானவர், அதிகம் பேசாதவர். மடியில் பெரிய கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில், அதாவது அப்பாவின் இருக்கையில் உட்கார்ந்தார். ஏதாவது ஆபத்து என்றால் அழுத்துவதற்காகக் காலை அந்தப் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டார். முதலில் ஓட்டுவது, அடுத்தது கற்றுக்கொடுப்பது, இரண்டு பாகம் என்று சொன்னார். அப்பா என்னையும் அவரையும் பெல்ட் போடச் சொன்னார். அப்புறம் ஒரு மூச்சு இழுத்துவிட்டு ஆரம்பித்தார்.

"சார், முன்னாடி சிக்னல். பிரேக் மேல கால் இருக்கா? மெதுவா அழுத்துங்க. இன்னும் கொஞ்சம். பச்சை லைட் வந்துருச்சு பாருங்க. இப்ப காலை எடுங்க. வண்டி நிக்கும். நம்புங்க."

வண்டி நின்றது. நான் பின்னாலிருந்து அப்பாவின் முதுகைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது சிக்னலிலும் அப்படியே, மூன்றாவதிலும் அப்படியே. அதிகாரி அந்தப் பச்சை விளக்கை எட்டிப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். நான்காவது சிக்னலில், வண்டி நின்று, பச்சை விளக்கு எரிந்த பிறகு, அப்பாவின் கழுத்து விறைத்தது. சிக்னலைத் தாண்டினதும் ஓரமாக நிறுத்தி, பி-யில் போட்டார். அதன்பின் அதிகாரியைப் பார்த்துத் திரும்பினார்.

"சார், ஒண்ணு சொல்லணும். இவ்வளவு நேரம் பிரேக் போட்டது நான் இல்ல, நீங்க."

அதிகாரி குனிந்து தன் காலைப் பார்த்தார். அது பிரேக்கின் மேல் இருந்தது. அப்பா விளக்கினார். மூன்று சிக்னலிலும் பெடல் தன் காலுக்கு ஒரு நொடி முன்னாலேயே கீழே போனதாகவும், புது வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததாகவும், நான்காவதில் தன் கால் பெடலைத் தொடுவதற்குள் வண்டி நின்றுவிட்டது என்றும் சொன்னார். அதிகாரியின் காது நுனி சிவந்தது. அப்பா அழுத்துங்க என்று சொன்னபோது அவர் அழுத்தியிருக்கிறார், எடுங்க என்று சொன்னபோது எடுத்திருக்கிறார். அவருக்கே தெரியாமல். கோப்பு வைத்திருக்கிற ஓர் அதிகாரியின் கால் அப்பாவின் பேச்சைக் கேட்டிருக்கிறது.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. பாஸ் போட்டிருப்பேன்."

"தெரியும் சார்," என்றார் அப்பா. "ஆனா இது பிரேக் விஷயம்."

வகுப்பறையும் குச்சியும் என் கண் முன்னால் வந்து நின்றன. இப்படி ஒரு அப்பாவா என்று பாதி மனது நொந்துகொண்டது, மறு பாதி அதையே வேறு தொனியில் சொல்லிக்கொண்டது. அதிகாரி எழுதியிருந்த தாளைக் கிழித்தார். இரண்டு கால்களையும் இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டு, அவசரமென்றால் ஒழிய எடுப்பதில்லை என்றார். முதலிலிருந்து ஓட்டுங்கள், இந்தத் தடவை வாயைத் திறக்கக் கூடாது என்றார்.

இதற்கு நாங்கள் தயாராகவே இல்லை. அப்பா பேசாமல் ஓட்டிப் பழகவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், உதடு மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை. முதல் இரண்டு சிக்னலும் பச்சை, நிற்காமலே போனோம். மூன்றாவது, மேம்பாலத்துக்கு ஏறுகிற செங்குத்தான மேட்டில், சிவப்பு. எங்களுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் கலவை லாரி வந்து, அதன் முகம் பின்கண்ணாடி முழுக்க நிறைகிற அளவுக்கு ஒட்டி நின்றது. வண்டி ஓர் அடி பின்னால் நழுவினாலும் முடிந்தது. அப்பாவின் உதடு அசைந்தது. வண்டி நின்றது. லீவரின் மேல் போன கை, ஒரு கணம் தயங்கி, என்-னுக்குத் தள்ளாமல் திரும்பி வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. நான் சாய்ந்து பார்த்தேன். அப்பாவின் வலது முழங்கால் மெல்ல உயர்ந்து பின்னால் வந்தது. இரண்டு பாதமும் தரையில். அதிகாரியின் இரண்டு பாதமும் இருக்கைக்கு அடியில். மாமா, அந்த மேட்டில், அவ்வளவு பெரிய லாரிக்கு முன்னால், எங்கள் மூன்று பேரையும் ஒருவருடைய காலும் பிடிக்கவில்லை. சிக்னல் பலகையில் எண்பத்தைந்திலிருந்து எண்கள் இறங்கின. அவ்வளவு நேரமும் அந்தச் சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இதை யோசித்துச் செய்த மனிதர் யாராக இருக்கும், அவரும் எங்கோ ஒரு மேட்டில் பயந்திருப்பார், அதனால்தான் செய்திருப்பார் என்று நினைத்தேன். பச்சை விழுந்ததும் அப்பா ஆக்சிலேட்டரைத் தொட்டார். வண்டி பின்னால் ஒரு நூல் கூடப் போகாமல் மேலே ஏறியது.

திரும்பி வந்து நிறுத்தினதும் அதிகாரி தாளில் நிறைய நேரம் எழுதினார். அடுத்து கற்றுக்கொடுக்கிற பாகம்தானே, யாரையாவது கூட்டிவரட்டுமா என்று அப்பா கேட்டார். அதிகாரி நிமிராமலே, "அது தேவையில்ல. அது மொதல்லயே முடிஞ்சு போச்சு" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்பா தேறிவிட்டார். முதலாளியம்மா சாவியை அவர் கையிலேயே கொடுத்தார். அம்மா சான்றிதழைச் சுவரில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று நான்கு தடவை தள்ளி நின்று பார்த்தாள். அடுத்த முறை வரும்போது நிலையத்திலிருந்து உங்களை அப்பாவே அந்த வண்டியில் அழைத்து வருவார். தயவுசெய்து பின்னிருக்கையில் உட்காருங்கள்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்களுக்கு வழியெல்லாம் பச்சை விழட்டும் என்று நாங்கள் மூவரும் வேண்டிக்கொள்கிறோம். பெரியவர்கள் இருவரும் என்னை வாழ்த்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை மகள்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுவிட்டேன், மறுபடி பிரிக்க வேண்டியதாகிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் அந்தத் தேர்வு அதிகாரி கோப்பு இல்லாமல், சாதாரணச் சட்டையில் பயிற்சிப் பள்ளிக்கு வந்தாராம். திடீர்ச் சோதனை என்று அப்பா எழுந்து நின்றிருக்கிறார். அவர் கதவைச் சாத்திவிட்டு, சேர்க்கைப் படிவம் ஒன்று கேட்டாராம். அவர் வாழ்நாளில் ஆட்டோமேட்டிக் ஓட்டினதே இல்லையாம், அவருடைய அலுவலகத்தில் யாருமே ஓட்டினதில்லையாம். "அந்தப் பச்சை லைட் வரைக்கும் நீங்க சொல்லிக் குடுத்துட்டீங்க, மிச்சத்தையும் சொல்லிக் குடுங்க" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்ததும் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். தெரியாதவர் போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு எப்படி மற்றவர்களுக்கு அந்த வண்டியில் கற்றுக்கொடுப்பது என்கிறார். அதிகாரிக்குப் பன்னிரண்டு வகுப்பு எடுத்து, அவருக்கு நன்றாகத் தெரிந்த பிறகு, அவரிடமே மறுபடி தேர்வு கொடுக்கப் போகிறாராம். அதிகாரியும் ஒத்துக்கொண்டார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆகையால் மாமா, அப்பா தேறிவிட்டார் என்று மேலே எழுதியிருப்பதை இப்போதைக்கு நம்ப வேண்டாம். நாளைக் காலை ஆறு மணிக்கு அதிகாரிக்கு முதல் வகுப்பு. அவர் நன்றாகப் படிக்க வேண்டும் என்று நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள். அவர் தேறாமல் அப்பா தேற முடியாது.